பார்சி என்று நான் எழுதிய புத்தகம்

எங்கள் நூலகத்தின் அட்டவணைக் கையேட்டில் பதினெட்டாம் விதி என்று ஒன்று உண்டு. ஒரு கைப்பிரதியின் மொழி இன்னதென்று உறுதியாகத் தெரியாவிட்டால், அட்டவணை எழுதுபவர் ஊகித்து எழுதக் கூடாது. மொழிக்கான கட்டத்தில் 'தீர்மானிக்கப்படவில்லை' என்று பென்சிலால் குறிக்க வேண்டும். தகுந்த நிபுணருக்குக் கடிதம் போட வேண்டும். பதில் வந்த பிறகே பேனாவைத் தொட வேண்டும். நல்ல விதி. நான் வேலை பார்த்த முப்பத்து நான்கு ஆண்டுகளில் அதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. அப்படி ஒரு விதி இருப்பது யாருக்கும் நினைவில் இருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மறந்ததற்குக் காரணம் உண்டு. 'தீர்மானிக்கப்படவில்லை' என்று ஒரு வரி இருந்தால் ஆண்டு முடிவில் தணிக்கைக்காரர் விளக்கம் கேட்பார். ஏதாவது ஒரு மொழியின் பெயர் இருந்தால் கேட்க மாட்டார். ஆகவே எங்கள் நூலகத்தில் மொழி தெரியாத கைப்பிரதி ஒன்றுகூட இருந்ததில்லை.

சில மாதங்களுக்கு முன் இப்போதைய உதவி இயக்குநர் கவிதா தொலைபேசியில் அழைத்தார். அட்டவணை முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். மொழி என்ற இடத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விரிகிறதாம். அதில் 'தீர்மானிக்கப்படவில்லை' என்பதே இல்லையாம்.

"உங்க காலத்துல இதுக்கு என்ன சார் பண்ணுவீங்க?"

"பார்சின்னு போட்டுடுவோம்மா" என்றேன்.

அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்று விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. கேட்டு முடித்தவர், அதை எழுதித் தரும்படி சொன்னார். எழுதுகிறேன்.

நான் வேலைக்கு வந்த கதை நீளமில்லை. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் வீடு, அப்பா கார்ப்பரேஷன் ஊழியர். கல்லூரியில் இரண்டாம் மொழியாகப் பார்சி, அதாவது பாரசீக மொழி, எடுத்தேன். அந்த வகுப்பில் நான்கே மாணவர்கள், பேராசிரியர் வருகைப் பதிவில் தாராளமானவர் என்பதைத் தவிர வேறு நோக்கம் இல்லை. பிறகு அந்த மொழி என்னைப் பிடித்துக்கொண்டது, அது வேறு. பார்சிக் கைப்பிரதிகளுக்கு அட்டவணையாளர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. எங்கள் ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தவன் நான் ஒருவன். நேர்காணலில், அது வலமிருந்து இடமாகத்தானே எழுதுவது என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வேலை கிடைத்தது.

இரண்டு ஆண்டுகள் பயிற்சி. கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்கார வேண்டும். பஞ்சுத் திண்டின் மேல் புத்தகத்தை வைத்து, முதுகு வலிக்காத அளவுக்கே திறக்க வேண்டும், புத்தகத்தின் முதுகு. பின் நீள அகலம், ஏடுகளின் எண்ணிக்கை, பக்கத்துக்கு எத்தனை வரி, மையின் நிறம், பூச்சி அரித்த இடங்கள். முதல் பக்கத்தின் தொடக்கச் சொற்கள், கடைசிப் பக்கத்தின் முடிவுச் சொற்கள். நடுவில் இருப்பதைப் படிக்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. நாளொன்றுக்கு ஐந்து பிரதிகள் என்ற கணக்கில் அது முடிகிற காரியமும் இல்லை.

எங்கள் கண்காணிப்பாளர் கேசவமூர்த்தி. பத்தே காலுக்கு வருவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைப்பார். மாலையில்தான் அதைத் திருப்புவார். கோப்புகளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார், அங்கேதான் வில்லங்கம் இருக்கும் என்று. எவரிடமும் 'முடியாது' என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. 'நோட் போடுங்க' என்பார். நோட் போட்டால் பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்புவார். மூன்று தடவை போய் வந்த பிறகு கேட்டவருக்கே வேண்டாம் என்று தோன்றிவிடும். ஆனால் ஒருவர் கேட்பது நியாயம் என்று அவருக்குப் பட்டுவிட்டால் கையேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அவர் கன்னடத்தில் பேசுவார், மரியாதைக்குச் சேர்க்கும் 'ரீ'யை மட்டும் விட்டுவைத்து நான் தமிழில் தருகிறேன்.

"மாணிக்கம், விதி என்ன சொல்லுதுன்னு எல்லாரும்தான் படிக்கறாங்க ரீ. அது என்ன சொல்லலைன்னு பாருங்க."

நான் சேர்ந்து ஆறாவது வருஷம், மழைக்காலத்தில், கரீம் பாய் வந்தார். அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் வீடு. சிவாஜிநகரில் ஆட்டோ சீட் தைக்கிற தொழில். கையில் நீல ரெக்ஸினில் தைத்து, ஓரத்தில் சிவப்புப் பைப்பிங் ஓட்டி, ஜிப் வைத்த ஓர் உறை. அதற்குள் தடித்த ஒரு கைப்பிரதி.

"கூரை ஒழுவுது சார். எங்க முப்பாட்டனார் கிதாப் இது. ரெஜிமென்ட் குதிரைங்களோட பினாங்குக்குப் போனவரு. பத்து வருஷம் கழிச்சு வரும்போது கையில இது ஒண்ணுதான் இருந்துச்சாம்."

"என்ன மொழி?"

"அத நீங்கதானே சார் சொல்லணும்? எங்க அத்தா எனக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்தாரு. அவருக்கு அவங்க அத்தா. அர்த்தம் யாருக்கும் தெரியாது. முப்பாட்டனார் நினைவு நாள்ல ஃபாத்திஹா ஓதி முடிச்சதும் இதைப் படிப்போம். கடைசிப் பக்கம் துஆ. அதுக்கு எல்லாரும் ஆமீன் சொல்வோம். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் எங்க கையில குடுத்துடணும் சார். மத்த நாள் நீங்களே வெச்சுக்குங்க."

ஒப்படைத்த பிரதி கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. வாசிப்பு அறையில் வாய்விட்டுப் படிக்கக் கூடாது. இரண்டையும் சொன்னேன். அவர் உறையின் ஜிப்பை மூடினார். பக்கத்து அறையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த கேசவமூர்த்தி கூப்பிட்டார். கையேடு அவர் மடியில் இருந்தது.

"ஒப்படைச்சவர் வருஷத்துக்கு ஒரு தடவை தன் பொருளோட நிலையை நேர்ல ஆய்வு பண்ணலாம்னு இருக்கு. எத்தனை பேர், எவ்வளவு நேரம், சத்தமாவா சத்தமில்லாமலான்னு ஒண்ணும் சொல்லல. வாசிப்பு அறையில வேண்டாம். பூச்சிக்குப் புகை போடற ரூம் சும்மாதானே இருக்கு? நோட் போடுங்க."

அந்த நோட் ஒரே தடவையில் கையெழுத்தானது.

பிறகு நான் அட்டவணை எழுதினேன். முதல் பக்கத்தில் அரபியில் இறை வாழ்த்து. அது எல்லாவற்றிலும் இருக்கும். அதன் கீழே சிவப்பு மையில் சுத்தமான பார்சியில் ஒரு தலைப்பு. புரட்டிப் பார்த்தேன். தலைப்பெல்லாம் பார்சி. இடையில் ஷா, பஹ்லவான், சௌதாகர் என்று, அரசன், பயில்வான், வணிகன் எனப் பொருள் தெரிந்த சொற்கள். மீதிச் சொற்கள் பிடிபடவில்லை. சில எழுத்துகளின் மேல் மூன்று புள்ளிகள், பார்சியில் புள்ளியே வரக் கூடாத இடங்களில். பழியை எழுதியவன் தலையில் போட்டேன். மொழி: பார்சி. நடை: பிழை மலிந்தது. கடைசிப் பக்கத்தில் வரிகள் ஒன்றுக்கு ஒன்று சிறுத்து முக்கோணமாகக் குறுகின. துஆ என்று கரீம் பாயும் சொல்லியிருந்தார். துஆ என்று எழுதினேன். கட்டு: ரெக்ஸின் உறை, தற்காலத்தது.

பினாங்கு என்பதையும் எழுதினேன். 'வந்த இடம்' என்ற கட்டத்தில். மொழிக்கான கட்டம் அதிலிருந்து மூன்று கட்டம் தள்ளி இருந்தது. கட்டங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

பார்சி தெரியாத ஒருவன் அந்த வேலையில் இருந்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது. அவன் விழித்திருப்பான், யாரையாவது கேட்டிருப்பான். எனக்குப் பத்தில் ஒரு சொல் தெரிந்திருந்தது. அதுதான் கெடுத்தது.

அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் அந்த ஆய்வு நடந்தது. பதினைந்து இருபது பேர் வருவார்கள். புகை அறையைக் கழுவி ஜமக்காளம் விரித்திருப்போம். கரீம் பாய் திண்டின் மேல் புத்தகத்தைத் திறப்பார். கண் எழுத்தின் மேல் நகரும். வாய், அத்தாவிடம் கேட்டுப் பழகிய ஓசையைச் சொல்லும். உருண்டு மூக்கில் முடிகிற சொற்கள். பஹ்லவான் என்று வரும்போது மட்டும் எல்லாத் தலைகளும் ஒன்றாக அசையும். சிவாஜிநகரில் பஹ்லவானைத் தெரியாதவர் யார்? கடைசிப் பக்கம் வந்ததும் குரலைத் தணித்துக்கொள்வார். முக்கோணத்தின் நுனியைத் தொட்டதும் எல்லோரும் ஆமீன் என்பார்கள். கேசவமூர்த்தி செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கதவோரம் நின்றிருப்பார். பிறகு ஜர்தா. அந்தக் குங்குமப்பூ நிற இனிப்புச் சோற்றை நினைத்து அலுவலகத்தில் அன்று எவரும் விடுப்பு எடுப்பதில்லை. வேலை பார்த்த காலத்தில் திரும்பக் கிடைத்தால் போதும் என்று நான் நினைக்கிற நாட்கள் அந்தப் பதினைந்துதான்.

பதினாறாவது வருஷம் கரீம் பாய் தனியாக வந்தார். கையில் பாத்திரம் இல்லை.

"படிக்கல சார். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவருடைய மகள் நஸ்ரினுக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை சலீம் வாணியம்பாடிக்காரர், இங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மாமனாரின் பெருமையைப் பார்த்துவிட்டு, பார்சி தெரிந்த தன் பழைய ஆசிரியர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார். கரீம் பாய் மனப்பாடமாகக் கொஞ்சம் சொல்லிக் காட்டினார். ஆசிரியர் பத்து நிமிஷம் கேட்டார். இது பார்சி இல்லை, பெயர்கள் மட்டும்தான் பார்சி என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போய்விட்டார்.

"மாப்ள மரியாதையாத்தான் கேட்டாரு. 'மாமா, என்னன்னே தெரியாத ஒண்ணுக்கு ஆமீன் சொல்றீங்களே, அது எந்த வேண்டுதலோ, யாருக்குச் சாபமோ, எப்படித் தெரியும்?'ன்னாரு. அன்னியிலருந்து தூக்கம் இல்ல சார். பதினஞ்சு வயசுலருந்து படிக்கறேன். நாப்பது வருஷம். புள்ளைங்கள உக்கார வெச்சு அதுங்க வாயாலயும் ஆமீன் சொல்ல வெச்சிருக்கேன். எதுக்குச் சொன்னேன்? எழுதிக் குடுங்க சார். அது தெரியற வரைக்கும் நான் அதைத் திறக்க மாட்டேன்."

"பார்சின்னு சொன்னது நான்தான் பாய்."

"அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

அன்று மாலைவரை புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். முதல்முறையாக நடுவில் இருந்ததைப் படித்தேன். மூன்று புள்ளி வைத்த எழுத்துகள் எல்லா ஏடுகளிலும் ஒரே ஒழுங்கில் வந்தன. பிழை செய்பவன் அத்தனை ஒழுங்காக இருக்க மாட்டான். அரபி எழுத்தில் வேறு எந்த மொழியையோ எழுதியிருந்தான். கதை அந்த மொழிக்கு வெளியிலிருந்து வந்ததாலோ என்னவோ, அதன் தலைப்புகளையும் பெயர்களையும் பார்சியிலேயே விட்டிருந்தான். மூன்று கட்டம் தள்ளியிருந்த பினாங்கு அப்போதுதான் என் கண்ணில் பட்டது. மலாயாக இருக்கலாம். ஆனால் மறுபடியும் ஊகித்து எழுத எனக்குத் தைரியம் இல்லை.

பதினெட்டாம் விதியைக் காட்டி நோட் போட்டேன். கேசவமூர்த்தி ஓய்வு பெற ஒரு வாரம் இருந்தது.

"ஏன் ரீ, பதினஞ்சு வருஷம் பார்சியா இருந்தது இப்போ பார்சி இல்லையா? ஆடிட்காரன் யாரைக் கேப்பான்?"

"என்னைத்தான் சார். நான்தான் எழுதினது."

"மேல கையெழுத்து யாருது?"

"உங்களுது."

கவிழ்ந்து கிடந்த கடிகாரத்தைப் பார்த்தார். "ஜர்தா சாப்பிட்டோமில்ல" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் பென்சில் கேள்வி எதுவும் இல்லை.

கடிதம், ஆறு ஏடுகளின் புகைப்படத்துடன், மலாய்க் கைப்பிரதிகள் இருக்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குப் போனது. பதில் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு நினைவூட்டு என்பது முறை, அனுப்பினேன். மேலதிகாரி பெயரிட்டு எழுதும் கடிதம் அடுத்தது, அதையும் அனுப்பினேன். கரீம் பாய் வருஷா வருஷம் அதே நாளில் வந்தார். புகை அறை வாசலில் பெஞ்சில் உட்காருவார். மூடியபடியே புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுவேன். உறையைத் தடவிப் பார்ப்பார். பைப்பிங் பிரிந்திருந்தால் பையிலிருந்து ஊசியை எடுத்துத் தைப்பார்.

"பதில் வந்துச்சா சார்?"

"இல்ல பாய்."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. ஆய்வுப் பதிவேட்டில் 'நிலை: நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இத்தனை ஆண்டு வேலையில் எனக்குக் கிடைத்த தண்டனை அது ஒன்றுதான். மெமோவாக இருந்தால் பதில் எழுதித் தப்பித்திருப்பேன்.

தாமதத்தால் ஒரு நன்மை விளைந்ததையும் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், 'சிதைந்தவை, பிழை மலிந்தவை' என்று குறிக்கப்பட்ட பிரதிகளை ஆனேக்கல்லில் உள்ள கிடங்குக்கு மாற்ற உத்தரவு வந்தது. அந்தக் கிடங்கின் கூரை அல்சூர் வீட்டுக் கூரையைவிட மோசம். 'பிழை மலிந்தது' என்று நான் எழுதிய குற்றத்துக்காக இந்தப் புத்தகமும் பட்டியலில் இருந்தது. ஆனால் கடிதம் நிலுவையில் உள்ள பிரதியை இடம் மாற்றக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அந்தத் தேதியிலேயே புதிதாக ஒரு நினைவூட்டு அனுப்பி, நகலைப் பட்டியலோடு இணைத்தேன். பட்டியலில் இருந்த மற்றவை லாரி ஏறின. இது ஏறவில்லை.

ஓய்வுக்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், சொந்தத் தபால்தலையில். கரீம் பாய்க்கு முழங்கால் போய்விட்டதால் வருவது நின்றது. நான்தான் அவர் வீட்டுக்குப் போய், இல்லை என்று சொல்லிவிட்டு வருவேன்.

கவிதாவிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன் அல்லவா? அவர் ஏடுகள் அனைத்தையும் படமெடுத்து, என் பழைய கடிதத்தையும் சேர்த்து, மின்னஞ்சலில் அதே நிறுவனத்துக்கு அனுப்பினார். சில வாரங்களில் ஐந்து பக்கப் பதில் வந்தது. எழுதிய ஆய்வாளர் அம்மையார் முதலில் மன்னிப்புக் கேட்டிருந்தார்: என் கடிதங்கள் எல்லாம், தனக்கு முன்பு இருந்தவரின் அலமாரியில், நிலுவை என்று எழுதிய கட்டுக்குள் பத்திரமாக இருந்தனவாம். அங்கும் நிலுவைக் கட்டு இருக்கிறது என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

அச்செடுத்துக்கொண்டு அன்றே அல்சூருக்குப் போனேன். கரீம் பாய் கட்டிலில் சாய்ந்திருந்தார். நஸ்ரின் நாற்காலி போட்டார். தலை நரைத்துவிட்ட சலீம், லேப்டாப்பை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

மொழி மலாய். கதை பார்சியில் பிறந்தது. பாரசீகக் கதைசொல்லிகள் சொன்ன இத்தகைய பக்திக் கதைகள் வணிகர்களோடு துறைமுகம் துறைமுகமாகப் போய், மலாய்க்காரர்களின் கதைகளாகிவிட்டன. இது ஒரு பஹ்லவானின் கதை. எவரிடமும் தோற்காதவன். ஷாவின் மகள் நோயில் கிடக்கிறாள். பனிக்காலத்தில் பழுக்கும் ஒரு மாதுளையால்தான் பிழைப்பாள். அந்த மரமோ, தான் வீழ்த்திய ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு முடித்தவன் கைக்குத்தான் பழம் தரும். பஹ்லவான் இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டு, பனியில் வீடு வீடாகப் போகிறான். மலாயில் எழுதியவன் பனியைப் பார்த்ததே இல்லை. வானத்திலிருந்து அரிசி மாவு கொட்டியது, மக்கள் அதில் வழுக்கி விழுந்தார்கள் என்று எழுதியிருக்கிறான். மாதுளையை எடுத்துவிட்டு மங்குஸ்தான் மரத்தை நட்டிருக்கிறான். மாவு மூடிய மங்குஸ்தான். அந்த ஒரு படமே கதை எங்கிருந்து எங்கே வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது என்று அம்மையார் எழுதியிருந்தார்.

"மன்னிப்புக் கேட்டானா கடைசில?" என்றார் கரீம் பாய்.

"எல்லார்கிட்டயும் கேட்டான். பழம் கெடச்சுது. பொண்ணு பொழச்சா."

"சாபம் கீபம் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல பாய்."

"கடைசிப் பக்கம்?"

இதற்குத்தான் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தேன். "அது துஆ இல்ல பாய். அதையும் நான் தப்பா எழுதிட்டேன். அந்தக் காலத்துல அங்க கதைப் புத்தகங்கள இரவல் குடுப்பாங்களாம். வாங்கிட்டுப் போறவங்களுக்கு எழுதி வெச்சது. வெத்தலச் சாறு படக் கூடாது. வெளக்கெண்ணெய் சிந்தக் கூடாது. கொழந்தைங்க கையில குடுக்கக் கூடாது. மூணு நாள்ல திருப்பித் தரணும்."

கரீம் பாயின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து எழுந்தேன்.

"யா அல்லா! ஊரையே கூட்டி... ஜர்தா வேற ஆக்கிப் போட்டு... எச்சி துப்பாதேங்கறதுக்கா ஆமீன் சொன்னோம்!"

"அத்தா, மூணு நாள்ல திருப்பித் தரணுமாம்" என்றார் நஸ்ரின். "முப்பாட்டனார் நூறு வருஷம் லேட்டு."

கரீம் பாய்க்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. சலீம் தண்ணீர் கொடுத்தார். இருமல் அடங்கியதும் நான் மீதியைச் சொன்னேன். படிக்கிறவர் சத்தமாகப் படிக்கட்டும், எழுத்துத் தெரியாதவர்களும் கேட்க வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். படித்து முடித்ததும், கைவலிக்க இதை எழுதிய ஏழைக்காக எல்லோருமாக இறைவனிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

கரீம் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது எங்க சார் வருது?"

"கடைசி ரெண்டு வரி. குறுகிப் போற நுனியில."

"அங்கதான் நாங்க ஆமீன் சொல்வோம்." மருமகனைத் திரும்பிப் பார்த்தார். "மாப்ள?"

"அதுக்குச் சொல்லலாம் மாமா" என்றார் சலீம். "நான் அன்னிக்குக் கேட்டிருக்கவே..."

"நல்ல கேள்விதான் கேட்டீங்க. பதிலுக்குத்தான் லேட்டாயிடுச்சு."

நஸ்ரினிடம் ஏதோ சொன்னார். நஸ்ரின் பீரோவைத் திறந்து, நாங்கள் அன்று கொடுத்த ஒப்புகைச் சீட்டை எடுத்து வந்தார். மொழி: பார்சி என்று என் கையெழுத்தில் இருந்தது.

"திருத்திக் குடுங்க சார்."

"எனக்கு இப்போ அதிகாரம் இல்ல பாய். கவிதா மேடம்தான் செய்யணும்."

"அவங்க என்ன சார் தப்புப் பண்ணாங்க?"

பேனாவை எடுத்தேன். ஆவணத்தில் பிழையைச் சுரண்டக் கூடாது. ஒற்றைக் கோடு இழுத்து, பழையது தெரியும்படி விட்டு, மேலே சரியானதை எழுத வேண்டும். கோடு இழுக்கப் போனபோது கரீம் பாய் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பார்சிய அடிக்காதீங்க. கதை அங்கருந்துதானே வந்திருக்கு?"

இதற்குக் கையேட்டில் விதி இல்லை. மொழி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'மலாய்' என்று நுழைத்தேன். பார்சிக்கு முன்னால் 'கதை பிறந்தது' என்று சேர்த்தேன். கீழே சுருக்கொப்பமிட்டேன். தேதிக்கு மட்டும் விதி உண்டு. திருத்துகிற நாள், நிபுணரின் பதில் வந்த நாள் இரண்டும் வேறானால் பதில் வந்த நாளையே போட வேண்டும். எனக்கு அந்தச் சிக்கல் இருக்கவில்லை. இரண்டும் ஒரே நாள். மார்ச் மாதம், இரண்டாவது வியாழக்கிழமை.